சூரியனின் கரும்புள்ளியும் தாது வருடப் பஞ்சமும்

2024 மே 10-ஆம் தேதி காலை. நோணாங்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பேரனும் நானும் நின்றுகொண்டிருந்தோம். 2019 டிசம்பர் கிரகணத்துக்காக வாங்கி அலமாரியில் பத்திரப்படுத்தியிருந்த சூரியக் கண்ணாடியில் கீறல் ஏதுமில்லை என்று உறுதிசெய்துகொண்டு அவன் கண்களில் மாட்டிவிட்டேன். சுண்ணாம்பாற்றின் முகத்துவாரப் பக்கம் ஏறிக்கொண்டிருந்த சூரியனைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தவன், "தாத்தா, சூரியனுக்கு மச்சம் இருக்கு" என்றான்.

அவன் சொன்னது சரிதான். விண்ணியலார் 3664 என்று எண்ணிட்டிருந்த கரும்புள்ளித் தொகுதி அது. அதன் நீளம் ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர். பூமியைப் போன்ற பதினைந்து கோள்களை அதன் குறுக்கே வரிசையாக வைத்துவிடலாம். தொலைநோக்கி இல்லாமல், ஒரு சிறுவனின் கண்ணுக்கே தெரிந்ததில் வியப்பில்லை. அன்றிரவு லடாக்கின் ஹான்லேயில் வானம் செந்நிறம் கொண்டதை இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கருவிகள் படம் பிடித்தன. துருவப் பகுதிகளுக்கே உரிய அந்த ஒளியை இமயம் வரை இழுத்துவந்தவை இந்த 'மச்சத்தில்' எழுந்த வெடிப்புகளே.

"அது எப்படி வந்துச்சு?" என்பது பேரனின் அடுத்த கேள்வி. விடை சொல்ல இயலாமல் நின்றேன். இதில் எனக்கு ஒரு தனிப்பட்ட வெட்கம் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் நான். சூரியக் கரும்புள்ளியைப் பற்றி ஆண்டுதோறும் வகுப்பில் பேசியிருக்கிறேன். வணிகச் சுழற்சி பற்றிய பாடத்தில், வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற பெரும் பொருளியலாளர் சந்தை நெருக்கடிகளுக்குச் சூரியப் புள்ளிகளைக் காரணம் காட்டினார் என்று சொன்னவுடன் மாணவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அந்தப் புள்ளி என்ன, எங்கிருந்து முளைக்கிறது, எவ்வாறு வளர்கிறது என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. ஜெவன்ஸும் அதைக் கேட்காமல்தான் எழுதினார் என்பது, ஓய்வுக்காலத்தில் இதுபற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகே புரிந்தது.

முதலில், அது கறுப்பு அன்று. சூரியனின் கண்ணுக்குத் தெரியும் பரப்பான ஒளிக்கோளத்தின் வெப்பநிலை ஏறத்தாழ 5,500 பாகை செல்சியஸ். கரும்புள்ளியின் நடுப்பகுதியில் அது சுமார் 3,500 முதல் 4,000 பாகை. இரும்பு உருகிக் கொதிக்கும் வெப்பம் அங்கேயும் இருக்கிறது. ஆனால், ஒரு பரப்பிலிருந்து வெளிப்படும் ஆற்றல் வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்துக் கூடும், குறையும். ஆகவே வெப்பநிலை மூன்றில் ஒரு பங்கு குறைந்தால், ஒளி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. பேரொளிக்கு நடுவே அந்தக் குறைந்த ஒளி கறுப்பாகத் தோன்றுகிறது. அதே புள்ளியைப் பெயர்த்தெடுத்து இரவு வானில் தனியே வைத்தால் முழுநிலவை மங்கச் செய்துவிடும்.

இரண்டாவதாக, அது சூரியனுக்கு முன்னால் கடந்து செல்லும் பொருளும் அன்று. இந்தக் குழப்பம் பழையது. 1607-இல் சூரியனில் ஒரு கரும்பொட்டைக் கண்ட கெப்ளர் அதைப் புதன் கோள் என்று நினைத்தார். கலிலியோவின் காலத்தில் ஷைனர் என்ற பாதிரியார், இவை சூரியனைச் சுற்றும் சிறு கோள்களாக இருக்க வேண்டும் என்று வாதாடினார். சூரியன் மாசற்றது என்ற நம்பிக்கையைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் அவருக்கு. விளிம்பை நெருங்கும்போது புள்ளிகள் ஒடுங்குவதையும் மெதுவாக நகர்வதையும் காட்டி, அவை உருண்டையின் பரப்பிலேயே இருப்பவை என்று கலிலியோ நிறுவினார்.

சூரியனில் உண்மையாகவே ஒரு கோளின் நிழலைக் காண வந்து ஏமாந்தவரின் கதை புதுச்சேரிக்காரர்களுக்குச் சொந்தமானது. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைக் கணக்கிட 1760-இல் பிரான்சிலிருந்து புறப்பட்ட லெ ழாந்தி, ஊர் ஆங்கிலேயர் கையில் போய்விட்டதால் 1761-ஆம் ஆண்டு நிகழ்வைக் கடலில் ஆடும் கப்பலில் இருந்தபடி வீணே பார்க்க நேர்ந்தது. எட்டு ஆண்டு கீழைக் கடல்களிலேயே காத்திருந்து, இடிந்து கிடந்த புதுச்சேரிக் கோட்டைப் பகுதியில் ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார். 1769 ஜூன் 4-ஆம் தேதி விடியற்காலை மேகம் மூடிக்கொண்டது. அவர் நம்மூரில் மேகத்தை நொந்துகொண்டிருந்த அதே ஆண்டின் நவம்பரில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் அலெக்சாண்டர் வில்சன் ஒரு பெரிய கரும்புள்ளியை நாள்தோறும் தொடர்ந்து பார்த்தார். அது சூரிய விளிம்பை நெருங்கியபோது கிண்ணம்போல் உட்குழிந்து தெரிந்தது. புள்ளி என்பது பரப்பின்மேல் படிந்த கறையன்று, ஒரு பள்ளம் என்ற குறிப்பு அப்போது கிடைத்தது. அங்கே வாயு குளிர்ந்தும் அடர்த்தி குறைந்தும் இருப்பதால் நமது பார்வை சில நூறு கிலோமீட்டர் ஆழம் வரை இறங்குகிறது என்பது இன்றைய விளக்கம்.

அந்தப் பள்ளம் எப்படித் தோன்றுகிறது? கொதிக்கும் உலையை நினைத்துக்கொள்ளலாம். அடியில் சூடேறிய நீர் மேலே வருகிறது; மேலே வந்து வெப்பத்தை இழந்த நீர் ஓரங்களில் கீழிறங்குகிறது. சூரியனின் வெளிப்புற அடுக்கு, ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் ஆழத்துக்கு, இப்படித்தான் கொதித்துக்கொண்டிருக்கிறது. நல்ல தொலைநோக்கியில் பார்த்தால் பரப்பு முழுவதும் அரிசிமணி தூவியதுபோல் தெரியும். ஒவ்வொரு மணியும் சுமார் ஆயிரம் கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு கொதிகுமிழ். பத்து நிமிடம் இருந்து கலைந்துபோகும். மணிகளுக்கு இடையிலுள்ள கரிய ஓடைகளில் குளிர்ந்த வாயு இறங்குகிறது. உள்ளிருந்து வெப்பம் வெளியே வரும் வழி இந்தக் கொதிப்புதான். இதைத் தடுத்தால் அந்த இடம் குளிர்ந்துவிடும். தடுப்பது காந்தப்புலம் என்று 1941-இல் ஜெர்மானிய அறிஞர் பியர்மன் சொன்னார். சூரிய வாயு மின்னேற்றம் பெற்ற பிளாஸ்மா. மின்னேற்றம் பெற்ற பொருள் காந்தக் கோடுகளின் வழியே ஓடும்; அவற்றைக் குறுக்கே கடந்து புரள முடியாது. காந்தப்புலம் போதிய வலுவோடு செங்குத்தாக நிற்கும் இடத்தில் உலை கொதிப்பதை நிறுத்திவிடுகிறது.

இனி, அந்தக் காந்தப்புலம் ஓரிடத்தில் வந்து குவிவது எவ்வாறு என்று பார்க்க வேண்டும். சூரியன் திடப்பொருள் அன்று. ஆகவே அது ஒரே சீராகச் சுழல்வதில்லை. நடுக்கோட்டுப் பகுதி ஏறத்தாழ 25 நாள்களில் ஒரு சுற்று முடிக்க, துருவப் பகுதிக்கு 34 நாள்களுக்கு மேல் ஆகிறது. வடக்கு தெற்காக நீளும் காந்தக் கோடுகள் இந்த வேக வேறுபாட்டில் சிக்கிக்கொள்கின்றன. வில்லியனூர்த் தேர்த் திருவிழாவில் ஒரு கயிற்றைக் குறுக்கே பிடித்துப் பலர் வரிசையாக நிற்கிறார்கள் என்று கொள்வோம். நடுவில் இருப்பவர்கள் ஓட, ஓரத்தில் இருப்பவர்கள் நடந்தால் கயிறு வளைந்து நீண்டு முறுகும். அதுபோல, ஒவ்வொரு சுற்றிலும் காந்தக் கோடுகள் கிழக்கு மேற்காக இழுபட்டு, சூரியனின் உள்ளே அதைச் சுற்றிக் கட்டிய வடங்கள் போலாகின்றன. வடம் இறுக இறுக அதன் வலிமை கூடுகிறது.

வடத்தினுள் இருக்கும் காந்தப்புலத்துக்கும் ஓர் அழுத்தம் உண்டு. வெளியே இருக்கும் வாயுவின் அழுத்தத்தை ஈடுகட்ட, உள்ளே காந்த அழுத்தமும் வாயு அழுத்தமும் சேர்ந்து நிற்கின்றன. அதனால் வடத்துக்குள் வாயு குறைவாக இருந்தாலே போதும். வாயு குறைந்தது இலேசாகும், இலேசானது மிதக்கும். எங்கள் ஊர் ஆற்றில் வலையின் மேல்விளிம்பைத் தூக்கிப் பிடிக்கும் மிதவையை நீருக்குள் அழுத்திவிட்டுக் கையெடுத்தால் மேலே துள்ளும் அல்லவா, அதே விதி. 1955-இல் யூஜின் பார்க்கர் விளக்கிய காந்த மிதப்பு இதுதான். சூரியனை அருகில் சென்று பார்க்கும் விண்கலம் ஒன்றுக்குப் பிற்காலத்தில் அவர் பெயரையே சூட்டினார்கள்.

வடம் முழுவதும் ஒருசேர மேலெழுவதில்லை. ஓரிடத்தில் வளைந்து, பாலத்தின் வளைவுபோல் பரப்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. வளைவின் இரு கால்களும் பரப்பில் ஊன்றி நிற்கும். காந்தக் கோடுகள் ஒரு காலில் வெளியேறி மறு காலில் உள்ளே செல்வதால், ஒன்று வடதுருவம், மற்றொன்று தென்துருவம். கரும்புள்ளிகள் பெரும்பாலும் இணையாகவே காணப்படுவதன் காரணம் இது.

முதல் அறிகுறி மிகச் சிறியது. அரிசிமணிகளுக்கு இடையிலுள்ள ஓடை ஒன்று வழக்கத்தைவிடக் கருத்து, ஒரு துளைபோல் தெரியும். இரண்டாயிரம் மூவாயிரம் கிலோமீட்டர் அகலமுள்ள இத்தகைய துளைகள் நாள்தோறும் தோன்றுகின்றன. பெரும்பாலானவை சில மணி நேரத்தில் மறைந்துவிடுகின்றன. முளைவிட்ட விதையெல்லாம் மரமாவதில்லை. கீழிருந்து மேலும் மேலும் காந்தப்புலம் வந்துகொண்டிருந்தால் மட்டுமே துளை நிலைக்கும். அப்போது ஒரே துருவமுடைய துளைகள் ஒன்றையொன்று நாடி நகர்ந்து, சேப்பங்கிழங்கு இலையில் நீர்த்துளிகள் கூடுவதுபோல் ஒன்றாகின்றன. ஒத்த துருவங்கள் விலக வேண்டாமா என்று பள்ளி இயற்பியல் படித்தவர்கள் கேட்கலாம். இவை தனித்தனிக் காந்தங்களல்ல. தென்னைநார்க் கயிற்றின் நுனி பிரிந்து பல புரிகளாகத் தெரிந்தாலும் கீழே அது ஒரே கயிறுதான். கயிறு முழுமையாக மேலே வரும்போது புரிகளும் ஒன்றுசேர்கின்றன.

சேர்ந்து பருத்த துளை ஓர் எல்லையைக் கடந்ததும் அதன் தோற்றமே மாறிவிடுகிறது. அதுவரை நடுவிலிருக்கும் கருநிழல் மட்டுமே இருந்தது. இப்போது ஓரத்திலுள்ள காந்தக் கோடுகள் நிமிர்ந்து நிற்க இடமின்றி, நெற்கட்டைப் பிரித்தால் ஓரத் தாள்கள் சாய்வதுபோல் வெளிப்பக்கம் சாய்கின்றன. சாய்ந்த இடத்தில் மெல்லிய இழைகளாலான ஒரு புறநிழல், ஓரிரு பகுதிகளாக முளைத்துச் சில மணி நேரத்துக்குள் புள்ளியைச் சூழ்ந்துகொள்கிறது. கண்ணின் பாவையும் அதைச் சுற்றிய வளையமும் போன்ற அந்த வடிவம் வந்துவிட்டால் அது முழுமையான கரும்புள்ளி. அதன் நடுவில் காந்தப்புலத்தின் செறிவு 3,000 காஸ் அளவுக்கு ஏறும். நமது திசைகாட்டியைத் திருப்பும் பூமியின் காந்தப்புலம் ஒரு காஸ்கூட இல்லை. வளர்ச்சிக்குச் சில நாள்கள்தான் ஆகின்றன. தேய்வு மெதுவானது; கொதிமணிகள் ஓரத்தை அரித்து அரித்து, காந்தப்புலத்தைத் துணுக்குகளாகச் சிதறடிக்க வாரக்கணக்கில் ஆகும். இணையில் முன்னே செல்லும் புள்ளி திரண்டு நெடுநாள் நிற்கும். பின்னே வருவது சிதறி முன்னதாகவே மறையும்.

இந்தக் கதையின் மையமான ஒரு பகுதி நம் தமிழ்நாட்டில் கண்டறியப்பட்டது. 1908-இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் ஜார்ஜ் எல்லரி ஹேல், கரும்புள்ளியின் நிறமாலைக் கோடுகள் பிளவுபடுவதைக் கண்டு, அங்கே வலுவான காந்தப்புலம் இருப்பதை நிறுவினார். புள்ளிகள் சூறாவளிபோல் சுழலும் பெருஞ்சுழிகள் என்ற எண்ணமும் அப்போது பரவியிருந்தது. அந்தச் சுழற்சியை அளக்கலாம் என்று கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தில் முனைந்தவர் ஜான் எவர்ஷெட். இங்கிலாந்தில் வேதியியலாளராகப் பிழைப்பு நடத்தி, ஓய்வு நேரத்தில் சூரியனைப் பார்த்துவந்தவர். 1907-இல் பழனி மலைக்கு வந்தார்.

கடலூர் சாலையில் விரைந்து வரும் பேருந்தின் ஒலிப்பான் நெருங்கும்போது கீச்சென்றும், கடந்து போனதும் தணிந்தும் கேட்கும். ஒளியிலும் அப்படியே, நம்மை நோக்கி வரும் வாயுவின் ஒளி நீலப் பக்கமும், விலகும் வாயுவின் ஒளி சிவப்புப் பக்கமும் நகரும். 1909 ஜனவரியில் எவர்ஷெட் எடுத்த நிறமாலைகளில் நகர்வு இருந்தது. ஆனால், சுழற்சிக்கு அது பொருந்தவில்லை. சூரிய வட்டின் நடுவை நோக்கிய புறநிழல் பக்கம் நம்மை நோக்கியும், விளிம்பை நோக்கிய பக்கம் நம்மைவிட்டும் நகர்ந்தன. வாயு சுழலவில்லை, புறநிழலின் வழியே, பரப்பை ஒட்டிக் கிடையாக, மையத்திலிருந்து வெளிப்புறம் நோக்கி நொடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. எவர்ஷெட் விளைவு என்று உலகின் எல்லாச் சூரிய இயற்பியல் நூல்களிலும் இது இடம்பெற்றுவிட்டது. அதன் காரணம் தெளிவாக ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. சாய்ந்த காந்தக் கோடுகளுக்கு இடையே கொதிப்பு முற்றிலும் நிற்பதில்லை. உள்முனையில் எழும் வாயு, கோடுகள் சாய்ந்த திசையில் தள்ளப்பட்டு வெளியே ஓடிக் கீழிறங்குகிறது. புறநிழல் ஏன் அரை வெளிச்சத்தில் இருக்கிறது என்பதற்கும் இதுவே விடை: கருநிழலில் உலைக்கு முழுமூடி, புறநிழலில் பாதிமூடி.

தாம் எதிர்பார்த்தது கிடைக்காதபோது, கிடைத்ததை எதிர்பார்ப்புக்கு ஏற்ப வளைக்காமல் எழுதிவைத்தார் எவர்ஷெட். இதை நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம், அந்த ஆய்வுக்கூடம் மலையேறிய கதை வேறுவகையானது.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கியது தாது வருடப் பஞ்சம். ஐம்பது இலட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். என் பாட்டியின் தலைமுறையில் ஒருவர் அளவுக்கு மீறி உண்டால் 'தாது வருசத்துல பொறந்ததா' என்று கேட்பார்கள். கேட்டவர்கள் யாரும் அந்தப் பஞ்சத்தைப் பார்த்தவர்களல்லர். பஞ்ச நிவாரண வேலையாகத்தான் சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய் வெட்டப்பட்டு, மரக்காணம் வரை நீளும் பக்கிங்காம் கால்வாயின் பகுதியாயிற்று. வேலை செய்தவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சொற்பக் காசும் போதும் என்று விதித்தார் ரிச்சர்ட் டெம்பிள். அது உயிர்தரிக்கப் போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். தானிய வணிகத்தில் அரசு தலையிடாது என்பது வைஸ்ராய் லிட்டனின் கொள்கை. மக்கள் செத்துக்கொண்டிருக்கையில் ஏற்றுமதி நடந்தது.

அதே 1877-இல் இந்தியப் புள்ளிவிவரத் துறைக்குத் தலைமை வகித்த வில்லியம் ஹண்டர், சென்னை நகரின் மழைக் கணக்கை 1813 முதல் தொகுத்து, சூரியப் புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் மழையும் குறைகிறது, பஞ்சம் அதைத் தொடர்கிறது என்று எழுதினார். வானியலாளர் நார்மன் லாக்யரோடு சேர்ந்து இலண்டன் இதழ் ஒன்றிலும் இதை வலியுறுத்தினார். புள்ளிகள் ஏறத்தாழ பத்துப் பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைவதை ஜெர்மன் மருந்துக்கடைக்காரர் ஷ்வாபே 1843-லேயே கண்டறிந்திருந்தார். 1878 புள்ளிகள் மிகக் குறைந்த ஆண்டு. பஞ்சம் கச்சிதமாகப் பொருந்தியது. ஆட்சியாளருக்கு இதைவிட வசதியான விளக்கம் ஏது? பட்டினிக்குக் காரணம் கொள்கையன்று, 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் சூரியன். ஹண்டர் அந்த நோக்கத்தோடு எழுதினார் என்று நான் சொல்லவில்லை. பஞ்சத்தை முன்னறிய முடிந்தால் உயிர்களைக் காக்கலாம் என்ற அக்கறை அவரிடம் இருந்தது. ஆயினும் ஒரு விளக்கம் யாருக்குப் பயன்படுகிறது என்பது எழுதியவர் கையில் இல்லை.

ஜெவன்ஸ் அந்த விளக்கத்தைச் சந்தைக்கு எடுத்துச் சென்றார். சூரியன் தளர்ந்தால் இந்தியாவில் விளைச்சல் குறையும். உணவு விலை ஏறும். குடியானவனின் கையில் துணி வாங்கக் காசிருக்காது. மான்செஸ்டர் ஆலைகள் படுக்கும். இலண்டன் வங்கிகள் முறியும். சங்கிலி அழகானது. 1875-இல் புள்ளிகளின் சுழற்சி 11.1 ஆண்டு என்று கொண்டு பழைய ஆங்கில தானிய விலைகளில் அதைத் தேடினார். அந்த முடிவு நிற்காது என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். 1878-இல் சுழற்சி 10.45 ஆண்டுதான் என்ற வேறொரு கணக்கு கிடைத்ததும், வணிக நெருக்கடிகளின் சராசரி இடைவெளியும் ஏறத்தாழ அதே அளவு என்று கண்டு மகிழ்ந்தார். இன்றைய கணக்கில் சூரியச் சுழற்சியின் சராசரி 11 ஆண்டு. ஒவ்வொன்றும் 9 முதல் 14 ஆண்டு வரை மாறக்கூடியது. இவ்வளவு நெகிழும் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டால் எதையும் எதனோடும் பொருத்தலாம். இத்தனைக்கும், பொருளியலைக் கணித அடித்தளத்தில் நிறுத்திய முன்னோடிகளில் ஜெவன்ஸ் ஒருவர். அவரை நினைத்து நான் இப்போது சிரிப்பதில்லை.

அவர் வழுக்கிய இடம், புள்ளிக்கும் சூரிய வெப்பத்துக்கும் உள்ள உறவு என்ன என்பதை அறியாததுதான். கரும்புள்ளி வெப்பத்தைத் தடுக்கும் மூடி என்றால், மூடிகள் கூடும் காலத்தில் சூரியன் மங்க வேண்டும். 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளந்துவரும் கணக்கு இதற்கு நேர்மாறு. பெரும்புள்ளி ஒன்று வட்டின் குறுக்கே செல்லும் சில நாள்களில் ஒளி சற்றே குறைவது உண்மை. ஆனால், அதே காந்தப்புலம் சிறுசிறு இழைகளாகச் சிதறி நிற்கும் இடங்கள் சுற்றுப்புறத்தைவிடப் பிரகாசமாக ஒளிர்கின்றன. அவற்றின் பரப்பு அதிகம். கூட்டிக் கழித்தால், புள்ளிகள் மிகுந்த காலத்தில் சூரியன் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாக ஒளிர்கிறது. அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு தஞ்சையின் நெல்லையும் டில்லியின் கோதுமையையும் ஆட்டிவைக்கும் அளவுக்குப் பெரிதன்று.

பருவமழையின் திறவுகோல் வேறிடத்தில் இருந்தது. பஞ்சத்துக்குப் பின், சூரியனை அன்றாடம் கவனித்தால் மழையை முன்னறியலாம் என்ற எதிர்பார்ப்பு, மலை உச்சியில் ஒரு சூரிய ஆய்வுக்கூடம் வேண்டும் என்ற வாதத்துக்கு வலுவூட்டியது. 1895-இல் கொடைக்கானலில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1899-இல் சென்னை நுங்கம்பாக்கத்தின் பழைய வான் ஆய்வுக்கூடத்துப் பணி அங்கு மாறியது. இந்திய வானிலைத் துறையின்கீழ் அது இயங்கியது. அத்துறைக்கு 1904 முதல் 1924 வரை தலைவராக இருந்தவர் கில்பர்ட் வாக்கர் என்ற கணிதவியலாளர். அவர் சூரியப் புள்ளி எண்ணிக்கையை உலகின் பல ஊர்களின் மழையோடும் வெப்பத்தோடும் காற்றழுத்தத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்து, முன்னறிவிப்புக்கு உதவும் அளவுக்கு உறவு ஏதும் இல்லை என்று 1915-இல் வெளியிட்டார். பிறகு காற்றழுத்தத்தைத் தொடர்ந்தவர், பசிபிக் பெருங்கடலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையே அது ஊஞ்சலாடுவதைக் கண்டார். இன்று எல் நினோ என்று நாம் அறியும் நிகழ்வின் மறுபாதி அது. தாது வருடத்தில் மழை பொய்த்ததன் பின்னணியில் மிக வலுவான ஓர் எல் நினோ இருந்தது என்பது இப்போது தெளிவு. மழை பொய்த்ததற்கு அது விடை. களஞ்சியத்திலிருந்த தானியம் கப்பலேறியதற்கு விடை கடலிலும் இல்லை, சூரியனிலும் இல்லை.

பொருளியலில் 'சூரியப் புள்ளி' என்ற சொல் இன்றும் வாழ்கிறது என்பது ஒரு வேடிக்கை. 1983-இல் டேவிட் காஸ், கார்ல் ஷெல் என்ற இருவர், தன்னளவில் எந்தப் பொருளாதார விளைவும் இல்லாத ஒன்றை எல்லோரும் நம்பினால், அந்த நம்பிக்கையே சந்தையை நகர்த்திவிடக்கூடும் என்று நிறுவி, அதற்குச் சூரியப் புள்ளிச் சமநிலை என்று பெயரிட்டனர். வங்கி முறியும் என்ற வதந்தியாலேயே வங்கி முறிவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

கொடைக்கானலுக்குத் திரும்புவோம். 1904 முதல் அங்கே, மேகம் அனுமதிக்கும் நாள்களிலெல்லாம், சூரியனைப் படம் எடுத்துவருகிறார்கள். இரண்டு உலகப் போர்களும் ஆட்சி மாற்றமும் அதை நிறுத்தவில்லை. கண்ணாடித் தகடுகளில் பதிந்த அந்தப் படங்களை இந்திய வானியற்பியல் நிறுவனம் கணினியில் ஏற்றியிருக்கிறது. நூறாண்டுக்கு மேலான புள்ளிகளின் பிறப்பு இறப்புப் பதிவேடு என்று அதைச் சொல்லலாம். சுழற்சியின் தொடக்கத்தில் புள்ளிகள் நடுக்கோட்டிலிருந்து 30, 35 பாகை விலகித் தோன்றி, ஆண்டுகள் செல்லச் செல்ல நடுக்கோட்டை நெருங்குவதையும், சுழற்சிக்குச் சுழற்சி இணைப்புள்ளிகளின் துருவங்கள் இடம் மாறுவதையும், வருங்காலச் சுழற்சியின் வலிமையையும் ஆராய இத்தகைய நீண்ட பதிவுகளே துணை. மழையை முன்னறிய வைத்த ஆய்வுக்கூடத்தின் தகடுகள் இப்போது செயற்கைக்கோள்களுக்கும் மின்கட்டமைப்புக்கும் ஊறு செய்யும் காந்தப் புயல்களைப் புரிந்துகொள்ளப் பயன்படுகின்றன. 2023 செப்டம்பரில் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தின் முதன்மைக் கருவியான சூரிய ஒளிவட்டம் காட்டியை உருவாக்கியதும் அதே நிறுவனம்தான்.

இப்போது நடப்பது 25-ஆவது சுழற்சி. அது 2019 டிசம்பரில் தொடங்கி 2024-இல் உச்சத்தைத் தொட்டது. 3664 தொகுதி அந்த உச்சக் காலத்தின் பிள்ளை. பேரன் ஒரு குறிப்பேட்டில் வட்டம் வரைந்து, தான் கண்ட புள்ளியை அதில் குறித்துத் தேதியிட்டு வைத்திருக்கிறான். மறுநாள் அது மேற்கு விளிம்பை நோக்கி நகர்ந்திருந்தது, அதையும் குறித்தான். சில நாள்களில் அது விளிம்பைத் தாண்டிப் பின்பக்கம் போய்விட்டது. மே இறுதியில் சூரியன் சுற்றி வந்தபோது அதே தொகுதி வேறொரு எண்ணுடன் கிழக்கு விளிம்பில் மீண்டும் எட்டிப் பார்த்ததாகச் செய்தி வந்தது. அதை அவனிடம் சொன்னேன். "திரும்பி வந்தது அதேதான்னு எப்படி கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டான். சூரியன் எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது என்பதிலிருந்து தொடங்கி விளக்கிக்கொண்டிருக்கிறேன்.